எந்தக் கப்பலில் ஏறுவது? அறிவியல் புனைவு ரோல்பிளேயிங் கேம் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் விண்கப்பல் கிளம்பவே இல்லை. இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், ஐந்து பேர், ஒரு பாய், ஒரு போன். போனில் 500 பக்கத்துக்கு மேல் ஒரு விதிநூல். படங்கள் அற்புதம். முதல் ஞாயிறு நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். இரண்டாவது ஞாயிறு பாத்திரம் உருவாக்கத் தொடங்கினோம், பாதியில் இருட்டிவிட்டது. மூன்றாவது ஞாயிறு இரண்டு பேர் வரவில்லை. மாமா மகன் போனை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "இது சரிவராது மச்சான். ஒரு கொப்பித் தாளில அடங்குற மாதிரி ஏதாச்சும் இருந்தா பாரு."

அந்த நூலின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. தப்பு அதனுடையதல்ல. படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது நான். அதற்குப் பிறகு ஏழெட்டு கேம்களை விளையாடிப் பார்த்ததில், எந்த வரிசையில் யோசித்தால் இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று ஒரு கணக்கு பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் வழியில் வரும் ஆட்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்ற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாத்திரம். எல்லாம் வாய்ப்பேச்சுதான். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்ட வேண்டும். எங்கள் அப்பாயிக்கு இதை விளக்க நான் பட்ட பாடு பெரும்பாடு. கடைசியில் "காமன் கூத்துல வேஷம் கட்டுற மாதிரிதான் அப்பாயி, ஆனா பாட்டு மனப்பாடம் கிடையாது, என்ன பேசுறதுன்னு அங்கனயே முடிவு" என்றேன். "அப்ப மன்மதன் எரியாமலும் போகலாமா?" என்று கேட்டார். போகலாம். கேள்வியிலேயே முழு விளையாட்டையும் பிடித்துவிட்டார்.

படி 1: உங்கள் பாயை எண்ணுங்கள்

கேமைப் பார்ப்பதற்கு முன்னால் ஆட்களைப் பாருங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், யாருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். நல்ல கேம்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் தங்கைக்கும் எனக்கும் வரும், மற்றவர்களுக்குத் தட்டுத்தடுமாறி. ஆகவே நூலை வாசிப்பது ஜி.எம். ஒருவருடைய வேலை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. ஆட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகளை மட்டும் கொப்பியின் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். அடங்கினால் அந்த கேம் உங்கள் பாய்க்கு வரும். இரண்டு பக்கம் போனால் யோசியுங்கள். நான்கு பக்கம் போனால், நிறையப் பொறுமையுள்ள நண்பர்கள் வேண்டும்.

நேரமும் முக்கியம். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து, குளித்து முடிப்பதற்குள் சாயங்காலம் போய்விடும். ஞாயிறும், போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளும்தான் மிச்சம். ஹட்டனிலிருந்து வரும் நண்பனுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். அதில் ஒரு மணி நேரத்தை விதி தேடியே தின்னும் கேம் நமக்கு வேண்டாம்.

படி 2: எதற்குக் கவலைப்பட ஆசை?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. பலர் "விண்வெளி கேம் வேண்டும்" என்று தேடுகிறார்கள். விண்வெளி எல்லாவற்றிலும் இருக்கிறது. பகடை எதைக் கேட்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம். ஒரு கேமில் பகடை பணத்தைக் கேட்கும், இன்னொன்றில் பயத்தை. உங்கள் கூட்டம் எதைப் பற்றி மணிக்கணக்கில் வாய் ஓயாமல் பேசுமோ, அதைக் கேட்கும் கேமை எடுங்கள்.

கடனைப் பற்றிப் பேசுபவர்களா? அப்படியானால் டிராவலர். 1977ல் மார்க் மில்லர் எழுதி அமெரிக்காவில் வெளிவந்தது, இன்றும் புதிய பதிப்புகளோடு உயிரோடு இருக்கிறது. இதில் பாத்திரம் உருவாக்குவதே ஒரு கதை. 18 வயதில் தொடங்கி, நான்கு நான்கு வருடமாக உங்கள் ஆளின் வாழ்க்கையை உருட்டிக்கொண்டே போக வேண்டும். கடற்படையா, வணிகமா, இராணுவமா என்று தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும் பிழைத்தானா என்று ஒரு உருட்டு. பழைய விதிப்படி அதில் தவறினால் விளையாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஆள் செத்துப்போவான். பிற்காலப் பதிப்புகளில் சாவுக்குப் பதில் ஒரு விபத்து, வேலை போய்விடும். எங்கள் மாமா மகனின் முதல் ஆள் 26 வயதில் போய்ச் சேர்ந்தான். "இன்னும் கப்பலையே பாக்கலியே!" என்று அவன் கத்தியது அடுத்த லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

விதி எளிது. இரண்டு சாதாரணப் பகடையை உருட்டி, திறமையைக் கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. கூட்ட எதுவும் இல்லாமல் உருட்டினால் 36க்கு 15 வாய்ப்புதான், பாதிக்கும் கீழே. அதனால் தெரிந்தவனைத் தேடிப் போக வேண்டியிருக்கும், கெஞ்ச வேண்டியிருக்கும், பேரம் பேச வேண்டியிருக்கும். அங்கேதான் கதை பிறக்கிறது.

அப்புறம் அந்தக் கடன். பழைய பதிப்பில் ஒரு சின்ன வணிகக் கப்பலின் விலை 3 கோடியே 70 இலட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். கிரெடிட் என்பது அந்த உலகத்துக் காசு. ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டால், அதன் பிறகு மாதம் விலையில் 240ல் ஒரு பங்கு, 480 மாதம். அதாவது மாதம் 1,54,500 கிரெடிட், 40 வருடம். முன்பணத்தையும் சேர்த்தால் கப்பலின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டியிருப்பீர்கள். தவணையைக் கட்டாமல் கப்பலோடு ஓடினால் தேடி ஆள் வரும். சரக்கு ஏற்ற வேண்டும், பயணி பிடிக்க வேண்டும், எரிபொருள் வாங்க வேண்டும், மாதம் முடிவதற்குள் தவணை சேர வேண்டும்.

இதை முதல் தடவை விளக்கியபோது எங்கள் பாயில் ஒருவரும் கணக்கில் குழம்பவில்லை. ஏன் குழம்ப வேண்டும்? துண்டு முறை என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கங்காணி ஆட்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது அவர்கள் பட்ட கடன் எழுதிய துண்டும் கூடவே போகும். புதுத் தோட்டம் அதை அடைத்துத்தான் ஆளை எடுக்கும், கடன் மறுபடி ஆளின் தலையில். 1921ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். எங்கள் கப்பலுக்குத் தங்கை வைத்த பெயர் "துண்டு". வேறு எந்த ஊரிலும் அந்தப் பெயர் தோன்றியிருக்காது.

பயம் வேண்டுமென்றால் மதர்ஷிப். 2018ல் வந்த கேம். தொழிலாளி, விஞ்ஞானி, அண்ட்ராய்ட் என்ற இயந்திர மனிதன், சிப்பாய் என்று நாலே வகை ஆட்கள். 0 முதல் 99 வரைக்குமான உருட்டில் உங்கள் எண்ணுக்குக் கீழே வர வேண்டும். தவறினால் மன அழுத்தம் ஒன்று கூடும். தொடக்கத்தில் அழுத்தம் 2. நிலைமை முற்றும்போது 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். உங்கள் அழுத்தத்துக்குச் சமமாகவோ கீழேயோ வந்தால் ஆள் நிலைகுலைந்து போவான். அழுத்தம் 2 இருக்கும்போது பத்தில் ஒரு வாய்ப்பு, 8 ஆகும்போது பத்தில் நான்கு. மெதுவாக ஏறும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். கதை பாதியிலேயே எல்லாரும் ஒருவரையொருவர் நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள். கரண்ட் போன இரவில் குப்பி விளக்கோடு விளையாடிப் பாருங்கள். ஆட்டக்காரருக்கான விதிநூலின் பிடிஎஃப் இலவசம்.

சிரிக்க வேண்டுமென்றால் பரனோயா, 1984. நிலத்துக்கு அடியில் ஒரு நகரம், அதை ஆளும் ஒரு பைத்தியக்காரக் கம்ப்யூட்டர். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்துக்கு மேலே உள்ள எதையும் தொடக் கூடாது, கேட்கவும் கூடாது. செத்தால் அவனுடைய நகலான அடுத்த குளோன் வருவான், ஆளுக்கு ஆறு. பெரிய துரை, சின்ன துரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிக்கட்டுக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு இந்த நிற வரிசையை விளக்கவே தேவையில்லை. ஆனால் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் கேம். நண்பர்களுக்குள் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தால் தொடாதீர்கள்.

திட்டம் போட்டுத் திருடுவது பிடிக்கும் என்றால் ஸ்கம் அண்ட் வில்லனி. நடுவில் மாட்டிக்கொண்டால் "இதற்கு நான் நேற்றே ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று பின்னோக்கிப் போய் ஒரு காட்சி சொல்லலாம். வாய் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது.

சிறுவர்கள் இருக்கிறார்களா? டேல்ஸ் ஃப்ரம் த லூப், 2017, சுவீடனிலிருந்து வந்தது. 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள், 1980கள், ஊருக்கு அடியில் ஒரு இரகசிய ஆராய்ச்சி இயந்திரம். பிள்ளைகள் சாக மாட்டார்கள், அது விதி. கதை நடப்பது சுவீடனின் தீவுகளில், அல்லது அமெரிக்காவின் ஹூவர் அணைக்கட்டுப் பக்கத்துச் சிற்றூரில். அணைக்கட்டு என்று வாசித்ததும் எனக்குத் தோன்றியது கொத்மலை. அதுவும் 80களில் கட்டியதுதான். ஊர்கள் தண்ணீருக்குள் போயின, கடதொர விகாரை நீர் இறங்கும்போது இன்றும் தலைகாட்டுகிறது. இதற்கு மேல் மர்மம் என்ன வேண்டும்? ஊர்ப் பெயர்களை மாற்றினோம், விதியில் ஒரு வரியையும் தொடவில்லை.

தனியாக இருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. கூட்டாளிகள் எல்லாரும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்ட ஊர்களில் விளையாட ஆள் இல்லாதது பெரிய குறை. ஐயன்ஸ்வோர்ன்: ஸ்டார்ஃபோர்ஜ்ட், 2022. ஜி.எம். இல்லாமல் ஒருவரே விளையாடலாம். கேள்வி கேட்டு உருட்டினால் பகடையும் அட்டவணையும் பதில் சொல்லும்.

படி 3: கையில் என்ன பகடை இருக்கிறது

லூடோப் பெட்டியில் வரும் ஆறுமுகப் பகடை எந்தக் கடையிலும் கிடைக்கும். டிராவலருக்கும் ஸ்கம் அண்ட் வில்லனிக்கும் லூப்புக்கும் அதுவே போதும், லூப்புக்குக் கொஞ்சம் நிறைய வேண்டும். பத்து முகமும் இருபது முகமும்தான் நம் பக்கம் கிடைப்பதில்லை. போன் செயலி இருக்கிறது, ஆனால் பகடை கையில் உருளாமல் விளையாட்டில் பாதிச் சுகம் போய்விடும்.

அதற்கு ஒரு வழி. மதர்ஷிப்பின் 0 முதல் 99 வரைக்குமான உருட்டுக்கு: ஒரு சீட்டுக்கட்டில் ஹார்ட்டின் ஆசு முதல் பத்து வரை பத்துச் சீட்டு, ஸ்பேடில் அதே பத்துச் சீட்டு எடுங்கள். ஆசு என்றால் ஒன்று, பத்து என்றால் பூச்சியம். சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று உருவுங்கள். சிவப்பு பத்தாம் இடம், கறுப்பு ஒன்றாம் இடம். சிவப்பு 4, கறுப்பு 10 வந்தால் 40. ஒவ்வொரு தடவையும் சீட்டைத் திருப்பி வைத்துக் கலைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பிசகும். இருபது முகத்துக்கு: ஒரே நிறத்துப் பத்தில் ஒரு சீட்டு, கூடவே ஒரு காசு சுண்டுங்கள். இதில் பத்து பத்துதான். தலை விழுந்தால் பத்தைக் கூட்டுங்கள், பூ விழுந்தால் அப்படியே.

படி 4: காசு

முதல் கேமுக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். ஸ்டார்ஸ் விதவுட் நம்பர் என்ற கேமின் 2017 பதிப்புக்கு முழு இலவச வடிவம் இருக்கிறது. விண்வெளி ஊர்களைப் பகடையால் உருவாக்கும் அதன் அட்டவணைகள் ஜி.எம்.முக்குப் புதையல். ஒவ்வொரு கிரகத்துக்கும் இரண்டு அடையாளம் விழும், ஒவ்வொன்றிலும் எதிரி யார், நண்பன் யார், சிக்கல் என்ன என்று எழுதியிருக்கும். வேறு கேமை விளையாடினாலும் இந்த நூலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சு நூல் வேண்டுமென்றால் டாலர் விலை, தபால் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். பிடிஎஃப் வாங்கி, தேவையான பத்துப் பக்கத்தை மட்டும் டவுனில் ஃபோட்டோகொப்பி அடிப்பது நம் வழி.

படி 5: ஒரு பக்கத்தில் ஒத்திகை

எந்த கேமை எடுப்பதென்று முடிவு செய்தாலும், அதற்கு முன் ஒரு நாள் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் விளையாடுங்கள். ஜான் ஹார்ப்பர் 2013ல் வெளியிட்டது, இலவசம், மொத்தமே ஒரு பக்கம். ஆளுக்கு 2 முதல் 5 வரை ஓர் எண். பெரிய எண் என்றால் மூளைக்காரர், சின்ன எண் என்றால் மனசுக்காரர். மூளையால் செய்யும் காரியத்துக்கு உங்கள் எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனசால் செய்வதற்கு மேலே. சரியாக அதே எண் விழுந்தால் ஜி.எம்.மிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். கப்பலின் கேப்டன் ஏதோ ஒரு சக்தியின் பிடியில் மயங்கிக் கிடக்கிறார் என்பதுதான் தொடக்கம்.

நான்காவது ஞாயிறு நாங்கள் விளையாடியது இதைத்தான். தகரத்தில் மழை, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை, எல்லாரும் பாயில் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். தங்கை கப்பலின் டாக்டர், எண் 4. பூட்டிய பெட்டியோடு ஒரு பயணி ஏறுகிறான். பெட்டியைக் கருவியால் சோதிக்கிறேன் என்று உருட்டினாள். 4. சரியாக 4.

"கேள்வி கேக்கலாம் தானே?"

"கேளு."

கொஞ்ச நேரம் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "இவன் யாருக்குப் பயந்து இந்தப் பெட்டியைப் பூட்டி வச்சிருக்கான்?"

பெட்டிக்குள் என்ன என்று கேட்பாள், அதற்குத்தான் பதில் வைத்திருந்தேன். இதற்கு இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நம்ம கேப்டனுக்கு."

ஒருவரும் பேசவில்லை. மாமா மகன் மெதுவாகத் திரும்பி, கேப்டன் படுத்திருப்பதாகச் சொல்லியிருந்த அரிசிச் சாக்கைப் பார்த்தான்.

இந்த ஒத்திகையில் உங்கள் கூட்டத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். யார் சண்டைக்குத் தாவுகிறார், யார் பேரம் பேசுகிறார், யார் பயப்பட விரும்புகிறார். அதைக் குறித்து வைத்துக்கொண்டு படி 2க்குத் திரும்பிப் போங்கள். எங்கள் கூட்டம் பெட்டியைத் திறப்பதை விட்டுவிட்டு, பயணியிடம் டிக்கெட் காசைக் கூட்டிக் கேட்பதில் அரை மணி நேரம் செலவழித்தது. டிராவலர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

படி 6: எதைத் தொடக் கூடாது

முதல் நாளே எல்லாரிடமும் கேளுங்கள், சபையில் அல்ல, தனியாக. 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மூடிப்போனது. அதில் சொந்தக்காரரை இழந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சுரங்கக் கிரகத்தில் மண் சரிகிறது என்று ஜி.எம். ஆர்வமாக வர்ணித்தால் என்ன ஆகும்? 80களில் கதை வைத்தால் 83 ஜூலையைத் தொடுவதா வேண்டாமா என்பதையும் முன்னமே பேசிக்கொள்ள வேண்டும். எங்கள் கொப்பியின் பின்னட்டையில் மூன்று சொல் எழுதியிருக்கிறது. அவை எங்கள் விண்வெளியில் நடக்காது. யார் எழுதியது என்று யாரும் கேட்பதில்லை.

படி 7: உங்கள் ஊரை மேலே ஏற்றுங்கள்

கேமைத் தேர்ந்த பிறகு, நூலில் உள்ள கிரகங்களை அப்படியே எடுக்காதீர்கள். அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இந்தத் தீவில் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, சிவனொளிபாதமலையை மனதில் வைத்துத்தான் தன் நாவலில் விண்வெளி லிஃப்டைக் கட்டினார். மஸ்கெலியாவிலிருந்து தினமும் அந்த மலையைப் பார்ப்பவர்கள் நாம்.

என் முதல் கிரகம் கோப்பிக் கிரகம். 1869ல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலை நோய் கண்டது, ஒரு பூஞ்சணம், அடுத்த இருபது வருடத்துக்குள் தொழிலே படுத்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1867ல். இதை அப்படியே தூக்கி வைத்தேன். ஒரே பயிரை நம்பியிருக்கும் கிரகம், இலையில் ஆரஞ்சு நிறப் பொடி, கம்பெனி அதை மறைக்கிறது, ஆட்கள் வெளியேறக் கப்பல் தேடுகிறார்கள், காசில்லை. கீழ்த்தட்டில் காலியிடம் இருக்கும் ஒரே கப்பல் எங்கள் "துண்டு". ஏற்றினால் தவணைக்குக் காசு சேராது.

மூன்று தடவை விளையாடிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் கேமை மாற்றிவிடுங்கள். நாங்கள் மாற்றவில்லை. அந்த ஞாயிறு 112 பேரை ஏற்றினோம். அந்த மாதத் தவணை நின்றுபோனது. இதுவரை கட்டியது 6, இன்னும் 474. தேடி வரும் ஆள் அடுத்த போயாவுக்கு வருவார். அவர் வேஷத்தை அப்பாயி கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.